நான் குனிந்து பார்க்காத அம்பாசிடர்

பணி ஓய்வு நாளன்று விருதுநகர் ஆபீசில் எனக்கு ஒரு சால்வையைப் போர்த்தி மைக்கைக் கையில் கொடுத்துவிட்டார்கள். மைக்கைப் பிடித்தால் யாருக்கும் வாய் நீளத்தான் செய்யும். "இத்தனை வருடம் மோட்டார் சர்வேயராக இருந்தேன். என் ரிப்போர்ட்டில் ஒன்றுகூடத் தப்பு என்று திரும்பி வந்ததில்லை" என்று முழங்கினேன். கை தட்டினார்கள். திரும்பி வந்ததில்லை என்பது சத்தியமான உண்மை. தப்பே செய்ததில்லை என்று நான் சொல்லவில்லை, அதைக் கவனித்துக்கொள்ளுங்கள்.

இப்போது ஆபீஸ் பிள்ளைகள் வாட்ஸப் குழுவில் அனுபவத்தை எழுதுங்கள் என்று நச்சரிக்கிறார்கள். அவர்களுக்கு என்ன, அடிபட்ட வண்டியை ஓனரே செல்போனில் படம் பிடித்து அனுப்பிவிடுகிறார். இவர்கள் ஏசியில் உட்கார்ந்து டீயை உறிஞ்சிக்கொண்டே நஷ்டத்தைக் கணக்குப் போட்டுவிடுகிறார்கள். நேரில் போய்ப் பார்ப்பதில் அப்படி என்னதான் சார் இருக்கிறது என்று ஒரு பெண் கேட்டது. அதற்குப் பதில் சொல்ல வேண்டுமென்றால் ஒரு அம்பாசிடர் கதையைச் சொல்லியாக வேண்டும். சொன்னால் மைக்கில் பேசிய பேச்சின் மானம் போகும். போகட்டும். போன மாதமே ஆர்.டி.ஓ. ஆபீசில் பாதி போய்விட்டது.

டிப்ளமா படித்தேன், ஒரு வருடம் ஒர்க்‌ஷாப்பில் கிடந்து கிரீஸில் குளித்தேன், இன்சூரன்ஸ் கம்பெனியில் வேலை கிடைத்தது. இதற்கு மேல் என் படிப்பைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. வேலைக்குச் சேர்ந்த அன்றே என்னை முத்துச்சாமி சாரிடம் தள்ளிவிட்டார்கள்.

முத்துச்சாமி சார் சீனியர் சர்வேயர். ஒல்லியான ஆள், ஆறடி உயரம். தோளில் ஒரு ரெக்சின் பை தொங்கும். அதற்குள் சாக்பீஸ், ஒரு காந்தம், இரண்டு பென்சில், ஒரு பழைய தலையணை உறை. இவ்வளவுதான் அவருடைய ஆயுதங்கள். வண்டி இருக்கும் இடத்துக்குப் போனதும் ஓனருக்கு ஒரு வணக்கம் போடுவார். அதோடு சரி, வேலை முடிகிற வரைக்கும் அந்த ஆள் பக்கம் திரும்ப மாட்டார், அவர் வீட்டு டீயையும் தொட மாட்டார். வண்டியை மூன்று தடவை சுற்றி வருவார். அடிபட்ட இடத்தில் எல்லாம் சாக்பீஸால் வட்டம் போடுவார். கதவில் காந்தத்தை வைப்பார். ஒட்டாமல் கீழே விழுந்தால், அந்த இடத்தில் ஏற்கனவே பட்டி பூசியிருக்கிறார்கள், இது பழைய அடி என்று அர்த்தம். பிறகு பானட்டைத் திறந்து, தகட்டில் பொறித்திருக்கும் சேஸிஸ் நம்பர் மேல் மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து அச்சு எடுப்பார். கடைசியில்தான் தலையணை உறை வெளியே வரும். அதைத் தரையில் விரித்து, தலையை அதில் வைத்து, வண்டிக்கு அடியில் போய்விடுவார். வெளியே இரண்டு கால் மட்டும் தெரியும். ஒழுகுகிற எதையும் விரலில் தொட்டுத் தேய்த்து முகர்ந்து பார்ப்பார். ஒருநாள் நாக்கில் வைத்துவிடுவாரோ என்று எனக்குப் பயமாகவே இருக்கும்.

அச்சங்குளத்தில் ஒரு வேன். மரத்தில் மோதிவிட்டது என்று ஓனர் சொன்னார், எந்த மரம் என்றுகூடக் காட்டினார். சார் பம்பருக்கு அடியிலிருந்து நகத்தால் எதையோ சுரண்டி எடுத்து ஊதிப் பார்த்துவிட்டு, "வீட்டுக்கு வெள்ளையடிச்சு எம்புட்டு நாளாச்சு?" என்று விசாரித்தார். அந்த மனிதர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். ரிவர்ஸ் எடுக்கத் தெரியாத மச்சான் வீட்டுச் சுவரை இடித்த கதை அதற்குப் பிறகு தானாக வந்தது.

அவரிடம் இன்னொரு சட்டம் உண்டு. ரிப்பேர் செலவு வண்டியின் மதிப்பைத் தாண்டிவிட்டால் அதை டோட்டல் லாஸ் என்று எழுதுவோம். மிஞ்சுகிற நசுங்கல் உடம்புக்குப் பெயர் சால்வேஜ். டோட்டல் லாஸ் என்றால் வண்டி செத்துவிட்டது என்று அர்த்தமில்லை. இந்த விலைக்கு இவ்வளவு செலவு கட்டுபடியாகாது, அவ்வளவுதான். யாராவது கைக்காசைப் போட்டு எழுப்பினால் தாராளமாக ஓடலாம். ஆனால் 'நிரந்தரமாக ஓடத் தகுதியற்றது' என்று எழுதிவிட்டால் கதை வேறு. அந்தக் காகிதம் ஆர்.டி.ஓ. ஆபீசுக்குப் போய் வண்டியின் பதிவுக்கே வேட்டு வைத்துவிடும். "செலவ மட்டும் எழுதுங்க தம்பி. வண்டிக்கு ஜாதகம் எழுதாதீக" என்பார் சார்.

நான் எழுதினேன்.

வேலைக்குச் சேர்ந்து மூன்றாவது வருடம். காலண்டர் சீசன், ஞாயிற்றுக்கிழமை. சார் குலதெய்வம் கும்பிட ஊருக்குப் போயிருந்தார். எனக்கு அன்றைக்கு மூன்றரை மணிக்கு மல்லாங்கிணற்றில் பெண் பார்க்கும் ஏற்பாடு. நாலரைக்கு ராகு காலம், அதற்குள் முடிக்க வேண்டும் என்று தாக்கீது. புது வெள்ளைச் சட்டையை மாட்டிக்கொண்டு கண்ணாடி முன் நின்றவனுக்குத் திருத்தங்கலிலிருந்து ஆள் வந்தது. செல்வமணி அண்ணாச்சியின் பிரஸ்ஸில், லாரியிலிருந்து இறக்கிய காகித ரீல் ஒன்று பலகையிலிருந்து உருண்டு நேராகப் போய் அவருடைய கார் மேல் உட்கார்ந்துவிட்டதாம். காரை அப்புறப்படுத்தினால்தான் அடுத்த லோடு உள்ளே வரும். உடனே வந்து பார்க்க வேண்டும்.

போனேன். மயில் பச்சை நிற அம்பாசிடர். ரீலைக் கயிறு கட்டி அப்போதுதான் தள்ளியிருந்தார்கள். கூரை வந்து சீட்டில் உட்கார்ந்திருந்தது. டிக்கி மடிந்து பூட்டிக்கொண்டுவிட்டது. நல்லவேளை, டிரைவர் வடை தின்னப் போயிருந்தார். அண்ணாச்சி வண்டிக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு, ஆஸ்பத்திரியில் உட்கார்ந்திருக்கிற மாதிரி உட்கார்ந்திருந்தார். அந்தக் காரில் ஊர் ஊராகப் போய்க் காலண்டர் ஆர்டர் பிடித்துத்தான் அவர் பிரஸ்ஸையே நிறுத்தினார். "பொழச்சிருமா தம்பி?" என்று கேட்டார்.

சுற்றி வந்தேன், வட்டம் போட்டேன், சேஸிஸ் நம்பரைத் தேய்த்து எடுத்தேன். பின்பக்கம், டிக்கிக்கு நேர் கீழே, கெட்டியாகக் கருப்பாக ஏதோ ஒழுகித் தரையில் தேங்கியிருந்தது. பின் ஆக்சில் இருக்கிற இடம். ஆக்சிலின் நடுவில் பல்சக்கரங்கள் இருக்கும் டிஃபரன்ஷியல் பெட்டி உடைந்து ஆயில் கொட்டியிருக்கிறது என்று நினைத்தேன். தலையணை உறை சாரோடு ஊருக்குப் போய்விட்டது. என் மேலே புதுச் சட்டை. கைக்கடிகாரத்தில் ஒன்றரை. முதுகைக் கொஞ்சம் வளைத்தேன். அதைக் குனிதல் என்று மனசாட்சியுள்ள எவனும் சொல்ல மாட்டான்.

ஆக்சிலைச் சேர்க்காவிட்டால் செலவு மதிப்புக்குள் நின்றிருக்கும். சேர்த்தேன், தாண்டிவிட்டது. டோட்டல் லாஸ். பஸ்ஸில் உட்கார்ந்து ரிப்போர்ட்டை எழுதும்போது, ஒற்றை ஆளாகப் பார்க்கிற முதல் பெரிய கேஸ் என்ற கொழுப்பு வேறு சேர்ந்துகொண்டது. 'இவ்வாகனம் நிரந்தரமாக ஓடத் தகுதியற்றது' என்று ஒரு வரியைச் சேர்த்து, அடியில் கோடும் போட்டேன்.

விருதுநகர் தாண்டியதும் நான் வந்த பஸ்ஸின் டயர் வெடித்தது. மல்லாங்கிணறு போய்ச் சேர்ந்தபோது மணி நாலே முக்கால். ராகு காலம் பிறந்துவிட்டது. ஆறு மணி வரை பெண்ணை வெளியே கூட்டி வர முடியாது என்று சொல்லிவிட்டார்கள். எதிர்ச் சுவரில் தொங்கிய காலண்டரையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அதுவும் அண்ணாச்சி பிரஸ்ஸில் அச்சானதுதான். ஏன் இவ்வளவு நேரம் என்று மாமனார் கேட்டார். டயர் வெடித்தது என்று சொன்னால் சாதாரணமாக இருக்கும் என்று தோன்றியது. "வேலைன்னு வந்துட்டா முழுசா முடிக்காமக் கிளம்ப மாட்டேன் மாமா" என்றேன். அவர் பூரித்துப்போனார். உள்ளே மூன்று மணியிலிருந்து பட்டுச் சேலையில் வெந்துகொண்டிருந்த பாக்கியத்துக்கும் அது கேட்டுவிட்டது.

கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவள் அதை மறக்கவே இல்லை. சாம்பாரில் உப்பில்லை என்று வாயைத் திறந்தால் போதும். "ஒரு நசுங்குன காரு முக்கியம்னு என்னைய மூணு மணி நேரம் உக்கார வச்ச மனுசன்தான நீங்க" என்று ஆரம்பித்துவிடுவாள். நானும் வேலையில் கறாரான ஆள் என்ற பெருமையில் மறுத்துப் பேசியதில்லை.

செவ்வாய்க்கிழமை சார் திரும்பி வந்தார். அதற்குள் ரிப்போர்ட்டின் ஒரு பிரதி ஆர்.டி.ஓ. ஆபீசுக்குப் போய்விட்டது. கடைசி வரியைப் படித்துவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். ஜாதகம் எழுதாதே என்று படித்துப் படித்துச் சொன்னேனே என்று அரை மணி நேரம் திட்டினார். பிறகு, "அடியில படுத்துப் பாத்தீகளா?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். பார்த்தேன் சார் என்றேன். வேறு எதுவும் கேட்காமல் என் கையெழுத்துக்குக் கீழே தன் கையெழுத்தைப் போட்டார். அவர் திட்டியதெல்லாம் எனக்கு மறந்துவிட்டது. அந்தக் கையெழுத்து இன்னும் நெஞ்சில் கிடக்கிறது.

அண்ணாச்சி சால்வேஜை விற்கவில்லை. கம்பெனி கொடுத்ததை வாங்கிக்கொண்டு, வண்டியைக் குடோனுக்குள் தள்ளி, மேலே வேஸ்ட் காலண்டர் தாள்களைப் போட்டு மூடிவிட்டார். ஆர்.சி. புத்தகத்தையும் திருப்பி ஒப்படைக்கவில்லை, அதனால் பதிவு முழுசாக ரத்தாகாமல் தொங்கிக்கொண்டிருந்தது. நானும் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் வேறு தெருவில் போய் வந்தேன்.

போன வருடம் அண்ணாச்சி போன் செய்தார். வயசாகியும் குரலில் கிண்டல் குறையவில்லை. பிரஸ் பைபாஸ் பக்கம் மாறுகிறதாம், குடோனைக் காலி செய்கிறார்களாம். "நீங்க செத்துப்போச்சுன்னு எழுதுன வண்டி நாளைக்கு இரும்புக் கடைக்குப் போகுது. கடைசியா ஒருக்கா மொகம் பாக்க வாரீகளா?" என்றார். போனேன். தாள்களை விலக்கியதும் அந்த மயில் பச்சை தெரிந்தது. எத்தனையோ ஆயிரம் கார்களைப் பார்த்திருக்கிறேன். எல்லாம் அடுத்தவர் கார், எல்லாம் அடிபட்ட கார். எனக்கென்று இருந்தது ஒரு மொபெட் மட்டும்தான். இரும்புக் கடைக்காரர் சொன்ன எடை விலையையே கொடுத்து நான் வாங்கிக்கொண்டேன். ஏன் என்று கேட்டால் அன்றைக்கு எனக்கே தெரியாது.

வீட்டில் சொன்னதும் பாக்கியம் கரண்டியைக் கீழே வைத்தாள். எந்தக் கார் என்று தெரிந்ததும் மறுபடியும் கையில் எடுத்தாள். "என்னையக் காக்க வச்ச காரு என் வாசலுக்கே வரணுமாக்கும்?" என்றாள். உன் பெயரில்தான் எழுதப்போகிறேன் என்று சமாதானம் பேசினேன். "எம்பேர்ல வேறயா" என்று முனகிக்கொண்டே கையெழுத்துப் போட்டாள்.

வண்டி சிக்கந்தர் பாய் ஒர்க்‌ஷாப்புக்குப் போனது. பழைய அம்பாசிடர் என்றால் மாவட்டத்தில் அவர்தான். இன்னொரு செத்த வண்டியின் கூரையை அறுத்து வைத்து, டிங்கரிங் செய்து, எஞ்சினைப் பிரித்து மாட்டினார். டிக்கி மட்டும் திறக்கவே இல்லை. கடப்பாரை போட்டு நெம்பினார்கள். உள்ளே, ரீல் உட்கார்ந்த இடத்தில், அப்பளமாக நசுங்கிய ஒரு தகர டின் ஒட்டிக்கொண்டிருந்தது. அச்சடிக்கிற கருப்பு மை.

அன்றைக்குத் தரையில் தேங்கியிருந்த கருப்பு எனக்கு நினைவுக்கு வந்தது. வீட்டுக்குப் போய்ப் பழைய தலையணை உறை ஒன்றை எடுத்து வந்தேன். அதைத் தரையில் விரித்து, அத்தனை வருடம் கழித்து அந்த வண்டிக்கு அடியில் படுத்தேன். டிக்கியின் தரையில் இருந்த ஓட்டை வழியாக இறங்கிய மை, டிஃபரன்ஷியல் மேல் தார் போலக் காய்ந்து கிடந்தது. தின்னரை நனைத்துத் துடைத்தேன். கீழே இரும்பு மழமழவென்று, ஒரு கீறல்கூட இல்லாமல் இருந்தது. பாய் மூடியைத் திறந்து பார்த்தார். உள்ளே ஆயில் அப்படியே நின்றது.

வெளியே வர எனக்கு மனசில்லை. அடியிலேயே கொஞ்ச நேரம் படுத்துக் கிடந்தேன்.

அண்ணாச்சியிடம் சொல்லித்தானே ஆக வேண்டும். போனில் விஷயத்தைச் சொன்னேன். வண்டியைக் கொன்றவன் என்று வையப்போகிறார் என்று காத்திருந்தேன். "அட, அந்த மை டின்னக் காணோம்னு நான் ஸ்டோர்ல இருந்த பொன்னுச்சாமிய ஒரு வருசம் வஞ்சேனே சார்" என்றார். பொன்னுச்சாமி இப்போது டீக்கடை வைத்திருக்கிறாராம். அண்ணாச்சி அன்று சாயங்காலமே கைத்தடியை ஊன்றிக்கொண்டு அந்தக் கடைக்குப் போய் மன்னிப்புக் கேட்டுவிட்டு, ஓசியில் டீயும் குடித்துவிட்டு வந்தார்.

வண்டி ஓடியது. அருமையாக ஓடியது. ஆனால் ரோட்டுக்கு வர வேண்டுமென்றால் பதிவைப் புதுப்பித்து, பாக்கியம் பெயருக்கு மாற்ற வேண்டும். இல்லையென்றால் மறுபடியும் இரும்புக் கடைதான். ஆர்.டி.ஓ. ஆபீசில் பிரேக் இன்ஸ்பெக்டர் ஒரு அம்மா, நாற்பது வயதுகூட இருக்காது. பழைய கோப்பைத் தேடி எடுத்துப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"நிரந்தரமா ஓடத் தகுதியில்லன்னு ஒரு சர்வேயர் எழுதியிருக்காரு சார். கோடு வேற போட்டிருக்காரு. அவர் உயிரோட இருந்தா, எந்த அடிப்படையில எழுதினாரு, இப்ப என்ன சொல்றாருன்னு எழுத்துல வாங்கிட்டு வாங்க."

"இருக்காரு மேடம்."

"எங்க இருக்காரு?"

"உங்களுக்கு முன்னாடிதான் நிக்காரு."

அந்த அம்மா என்னையும் அந்த பழுப்பேறிய காகிதத்தையும் மாறி மாறிப் பார்த்தார். சிரிப்பை அடக்கிக்கொண்டு, அப்படியென்றால் வேலை சுலபம், எழுதிக்கொண்டு வாருங்கள் என்றார். அவருக்குச் சுலபம்.

சிக்கந்தர் பாய் ஒரு வழி சொன்னார். டிஃபரன்ஷியலை மாற்றிவிட்டதாக அவர் ஒரு பில் தருவாராம். பழசு உடைந்தது உண்மை, புதுசு போட்டதால் ஓடுகிறது என்று எழுதிவிடலாம். "உங்க ரிப்போர்ட்டும் பொழச்சிரும், வண்டியும் பொழச்சிரும் சார்" என்றார். பில்லை அப்போதே எழுதிக் கையிலும் கொடுத்துவிட்டார். அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு இரண்டு நாள் அலைந்தேன். மாற்றாத பாகத்துக்குப் பில் போடுகிறவர்களைப் பிடிப்பதே என் பிழைப்பாக இருந்தது. பில்லைக் காட்டினால் போதாது, கழற்றிய பழைய பாகத்தைக் கண்ணால் பார்க்க வேண்டும், அதுவும் முத்துச்சாமி சார் சட்டம். "பழசு எங்க?" என்று கேட்டுக் கேட்டே எத்தனையோ பேரை அழ வைத்திருக்கிறேன். இப்போது எனக்குள்ளேயே அந்தக் குரல் கேட்க ஆரம்பித்துவிட்டது.

சார் போய்ச் சேர்ந்து ஆறு வருடமாகிறது. கடைசியாகப் பார்த்தபோதுகூட அவரிடம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அதில் எனக்கு வருத்தம் உண்டு, வெட்கமும் உண்டு. மூன்றாம் நாள் பில்லைக் கிழித்துப் போட்டுவிட்டு, சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து கடிதத்தை எழுதினேன். செலவை மட்டும் எழுதிப் பழகியவன், அன்றைக்கு நடந்ததை நடந்தபடி எழுதினேன். பாக்கியம் எட்டிப் பார்த்தாள். ஆபீஸ் விஷயம் என்று கையால் மறைத்தேன்.

ஓனர் நேரில் வர வேண்டும் என்பதால் பாக்கியத்தையும் காரில் ஏற்றிக்கொண்டு, பாய் பின்னால் பைக்கில் வர, ஆர்.டி.ஓ. ஆபீசுக்குப் போனோம். அவள் பின் சீட்டில் ஜன்னலோரமாக, வேண்டா வெறுப்பாக உட்கார்ந்து வந்தாள். இன்ஸ்பெக்டர் அம்மா வண்டியைச் சுற்றி வந்தார். விளக்கு, பிரேக், ஹாரன் எல்லாம் பார்த்தார். பிறகு என்னிடம் திரும்பி, "கீழ விரிக்க ஏதாச்சும் இருக்கா சார்?" என்று கேட்டார்.

தலையணை உறையை எடுத்துக் கொடுத்தேன். அதை விரித்து, காக்கிச் சட்டையோடு அடியில் போய்விட்டார். வெளியே ஷூ மட்டும் தெரிந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது, வண்டிப் புகை என்று பாயிடம் சொன்னேன். வாட்ஸப் பிள்ளைகளே, நேரில் போய்ப் பார்ப்பதில் அப்படி என்ன இருக்கிறது என்று கேட்டீர்களே, உங்கள் செல்போன் அந்த இடத்துக்குப் போகாது.

அந்த அம்மா எழுந்து கையைத் தட்டிவிட்டு, மேசைக்குப் போய் என் கடிதத்தைப் பிரித்தார். மனசுக்குள் படிப்பார் என்று நினைத்திருந்தேன். பக்கத்திலிருந்த கிளார்க் குறித்துக்கொள்வதற்காக வாய்விட்டே படித்தார்.

"மேற்படி வாகனம் ஓடத் தகுதியற்றது என நான் எழுதியது தவறு. ஒழுகியது அச்சு மை. அதை ஆயில் என்று எழுதினேன். அன்று மாலை மல்லாங்கிணற்றில் பெண் பார்க்கச் செல்ல வேண்டியிருந்தது. நேரமாகிவிடும் என்றும் புதுச் சட்டை அழுக்காகிவிடும் என்றும், வண்டிக்கு அடியில் பார்க்காமலே வேலையைப் பாதியில் முடித்துக்கொண்டு புறப்பட்டுவிட்டேன். என் மேலதிகாரி கேட்டபோது பார்த்ததாகப் பொய் சொன்னேன்."

கிளார்க் பேனாவைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இன்ஸ்பெக்டர் அம்மா தலையை நிமிர்த்தி, "அந்தப் பொண்ணு?" என்றார்.

"நாந்தான்" என்றாள் பாக்கியம்.

பிறகு என் பக்கம் திரும்பினாள். "முழுசா முடிச்சிட்டு வந்தேன்னு எங்கப்பாகிட்ட சொன்னது?"

"பொய்தான். பாதியிலயே ஓடியாந்தேன். பஸ்ஸு டயரு வெடிச்சிருச்சு."

அவள் பேனாவை வாங்கினாள். காட்டிய இடத்தில் எல்லாம் கையெழுத்துப் போட்டாள், எப்போதையும்விட நிறுத்தி நிதானமாக, இன்ஷியலோடு. வெளியே வந்ததும் பின் கதவைத் திறந்து வைத்தேன். அவள் அதைச் சாத்திவிட்டு, முன்னால் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். கேட்டைத் தாண்டியதும் எந்தப் பக்கம் என்று கேட்டேன்.

"மல்லாங்கிணத்துக்கு விடுங்க" என்றாள். முந்தானையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டு, கண்ணாடி வழியாக ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் கியரை மாற்றி வேகமெடுத்ததும் என் கை மேல் கையை வைத்தாள்.

"மெதுவாவே போங்க. நான் எங்கயும் போயிற மாட்டேன்."